பழைய வாட்டர் ஹீட்டரில் பயோடீசல்: எந்தக் குழாய் எதற்கு?

பயோடீசல் தயாரிக்கும் கருவி என்றதும் பெரிய ஆலையும் பளபளக்கும் ஸ்டீல் கோபுரங்களும்தான் மனதில் வரும். 2000-களில் அமெரிக்காவில் ஏராளமானோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து ஓட்டிய கருவியோ ரொம்ப எளிமையானது. வீட்டில் கழற்றிப் போட்ட மின்சார வாட்டர் ஹீட்டர் ஒன்று, தண்ணீர் இறைக்கும் மலிவான பம்பு ஒன்று, நான்கைந்து வால்வுகள், கொஞ்சம் இரும்புக் குழாய். அவ்வளவுதான். இதற்கு ‘ஆப்பிள்சீட்’ என்று பெயர். மரியா அலோவர்ட் என்பவர் இந்த அமைப்பைப் பரப்பினார். வரைபடம் எல்லாருக்கும் இலவசம். பிளம்பிங் சாமான் விற்கும் கடையில் கிடைப்பதை வைத்தே சில நூறு டாலரில் முடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரை அந்தக் கருவியைப் புரிந்துகொள்ள மட்டும்தான். படித்த கையோடு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது, எந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் பாத்திரம், பம்பு, குழாய் என்று எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடிக்கலாம், மூடியில் மட்டும் பிடிக்கக் கூடாது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எண்ணெய் ஏன் அப்படியே டீசல் ஆகாது?

டீசல் எஞ்சின் சமையல் எண்ணெயில் ஓடும் என்பது புதுச் செய்தி இல்லை. 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஓடும், ஆனால் நாள்பட ஓடாது. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. இன்ஜெக்டர் அதைப் பொடிப் பொடியாகத் தெளிக்க முடியாமல் திணறும். சரியாக எரியாத எண்ணெய் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும்.

கெட்டியாக இருப்பதற்குக் காரணம் மூலக்கூறின் வடிவம். முத்தலைச் சூலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிடி இருக்கும் இடத்தில் கிளிசரின், மூன்று முனைகளாக மூன்று நீளமான கொழுப்பு அமிலங்கள். அந்த முனைகளைப் பிடியிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றிலும் மெத்தனால் என்ற ஆல்கஹாலின் ஒரு சின்னத் துண்டை மாட்டிவிட்டால் எண்ணெய் இளகி, டீசல் அளவுக்கு ஓடும் திரவமாகிவிடும். அதுதான் பயோடீசல். கழன்று விழுந்த கிளிசரின் கனம் அதிகம் என்பதால் தானாகவே அடியில் தங்கிவிடும். இந்த மாற்றத்துக்கு பெல்ஜியத்தில் 1937-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். அப்போது எடுத்துக்கொண்டது பாமாயில்.

கழற்றி மாட்டும் வேலையை எண்ணெயும் மெத்தனாலும் தாங்களாகச் செய்துகொள்ளாது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது அதன் சகோதரனான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் வேண்டும். முதலில் இந்தக் காரத்தை மெத்தனாலில் கரைத்துக்கொள்வார்கள். அந்தக் கரைசலை மெத்தாக்சைடு என்பார்கள். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால் என்பது வழக்கமான கணக்கு. முடிவில் கிட்டத்தட்ட 100 லிட்டர் பயோடீசலும், 20 லிட்டர் போல கிளிசரின் கலவையும் கிடைக்கும்.

ஆக, கருவி செய்ய வேண்டிய வேலைகள் எவை? எண்ணெயைச் சூடாக்க வேண்டும். மெத்தாக்சைடைச் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். அப்புறம் அசையாமல் விட்டு, அடியில் தங்குவதை வடித்தெடுக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது மெத்தனால் ஆவி அறைக்குள் வந்துவிடக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

டிரம்மும் டிரில்லும் ஏன் கூடாது?

ஆரம்ப காலத்தில் பலரும் செய்தது இதுதான்: வாய் திறந்த இரும்பு டிரம், அதற்குள் எண்ணெய், மேலே கை டிரில்லில் மாட்டிய பெயிண்ட் கலக்கி. காசு என்று பார்த்தால் இதைவிட மலிவு கிடையாது. ஆனால் மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். வினையை நடத்தும் வெப்பமோ 55 டிகிரி. கொதிநிலைக்குப் பத்து டிகிரி கீழே, திறந்த பாத்திரத்தில், ஆவி சும்மா இருக்குமா? டிரில் மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. சுற்றும்போதெல்லாம் உள்ளே பொறி பறக்கும். ஆவிக்கு மேலேயே பொறியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏற்பாடு அது. இதில் இன்னொரு கொடுமை, மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறி, கண் நரம்பைத் தாக்கும் விஷமும் கூட.

வாட்டர் ஹீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு மலிவு இரண்டாவது காரணம்தான். அது பிறக்கும்போதே மூடிய பாத்திரம். சுற்றிலும் வெப்பம் வெளியேறாத உறை இருக்கிறது. மின் சூடேற்றியும் தெர்மோஸ்டாட்டும் கூடவே வருகின்றன. குழாய் மாட்டத் திருகு மரை போட்ட துளைகள் மேலும் கீழும் தயாராக இருக்கின்றன. வெல்டிங் வேலையே இல்லை.

ஹீட்டரைத் தயார்படுத்துவது

அமெரிக்க வீடுகளில் தரையில் நிற்கிற உருளை ஹீட்டர்கள் பெரியவை. 50 காலன் தொட்டி என்றால் சுமார் 190 லிட்டர். அதில் 150 லிட்டர் எண்ணெயும் 30 லிட்டர் மெத்தனாலும் கொள்ளும். நம் குளியலறையில் சுவரில் தொங்கும் 15 லிட்டர், 25 லிட்டர் கீசரை வைத்து இதே கணக்கைச் சின்னதாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வேலை, உள்ளே இருக்கும் ஆனோடு தண்டைக் கழற்றுவது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்துகொடுக்கும் மெக்னீசியம் அல்லது அலுமினியத் தண்டு அது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் எதற்கு? இதே காரணத்தால் இந்த வேலையில் அலுமினியப் பாத்திரம் எந்த இடத்திலும் கூடாது. துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. குழாயையும் பித்தளையையும் கூடத் தவிர்த்து, பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாயைப் போடுவார்கள்.

இரண்டாவது, சூடேற்றி. அமெரிக்க ஹீட்டரில் 240 வோல்ட்டுக்கான 4,500 வாட் சூடேற்றி இருக்கும். அதை அப்படியே ஓட்டாமல் 120 வோல்ட்டில் இணைப்பார்கள். வோல்ட்டேஜ் பாதியானால் வாட் கால்வாசி ஆகிவிடும், அதாவது 1,125. தண்ணீர் அளவுக்கு எண்ணெய் வெப்பத்தை வாங்கிக் கடத்தாது. சூடேற்றி முழு வேகத்தில் எரிந்தால் அதை ஒட்டியிருக்கும் எண்ணெய் கருகி, கம்பியில் கரியாகப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. 150 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 55-க்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் போலப் பிடிக்கும். பிடிக்கட்டுமே.

இந்தச் சூடேற்றி விஷயத்தில் இரண்டு விதிகள் உண்டு. எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டியிருக்கும்போது அதை ஓட்டக் கூடாது. மெத்தனால் உள்ளே போவதற்கு முன் அதை அணைத்து, இணைப்பையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நம்பிக்கொண்டிருப்பது போதாது.

மூன்றாவது, புகைபோக்கிக் குழாய். மூடிய பாத்திரம் என்றேனே தவிர, அடைத்த பாத்திரம் என்று சொல்லவில்லை. சூட்டில் ஆவி அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற மேல் துளை ஒன்றிலிருந்து ஒரு குழாயை எடுத்து, சுவருக்கு வெளியே, ஆள் நடமாட்டமும் நெருப்பும் இல்லாத பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் குழாயில் வால்வு போட மாட்டார்கள். வால்வு இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது மூடிவிடுவார்கள்.

பம்பும் வால்வுகளும்

தொட்டியின் அடித் துளையிலிருந்து குழாய் பம்புக்குப் போகிறது. பம்பிலிருந்து இன்னொரு குழாய் ஏறி, தொட்டியின் மேல் துளைக்குள் இறங்குகிறது. அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் கலக்கல் ஆயிற்று. உள்ளே துடுப்பு எதுவும் சுற்ற வேண்டியதில்லை. வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சாதாரண பம்பே போதும். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்காது என்பது இங்கே ஒரு அனுகூலம். ஆனால் அது ஆலைகளில் வைக்கிற, வெடிப்பைத் தாங்கும் மோட்டார் அல்ல. எனவே கசிவு இல்லாமல் பார்த்துக்கொள்வதும், கொட்டகையின் கதவு ஜன்னலைத் திறந்து வைப்பதும் நம் பொறுப்பு.

வால்வுகளில் முக்கியமானவை மூன்று. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒன்று. பம்பு உறிஞ்சும் பக்கத்தில் கிளையாகப் பிரியும் குழாயில் ஒன்று. அந்தக் கிளையின் மறுமுனைதான் மெத்தாக்சைடு இருக்கும் தடித்த பிளாஸ்டிக் கேனுக்குப் போகிறது. மூன்றாவது வடிகால். இதற்கு அடுத்து, உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும்படி ஒளி ஊடுருவும் ஒரு ஹோஸ் துண்டு.

இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கிளை வால்வுதான். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கொஞ்சமாகத் திறந்தால், கேனில் இருக்கும் மெத்தாக்சைடை பம்பு தானாக இழுத்துக்கொள்ளும். ஓடும் எண்ணெயோடு சேர்ந்து, பம்பின் சக்கரத்தில் அடிபட்டு, கலந்தபடியே தொட்டிக்குப் போகும். யாரும் கேனைத் தூக்கி ஊற்ற வேண்டாம், முகத்துக்கு நேரே ஆவி வராது. கேன் காலியானதும் வால்வை மூடிவிட்டு, ஒன்று இரண்டு மணி நேரம் பம்பை ஓட விடுவார்கள்.

மெத்தாக்சைடு கலக்கும்போது காரத்தை மெத்தனாலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறை, முகக் கண்ணாடி, பக்கத்திலேயே ஓடும் தண்ணீர். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைக்கு வேலை கிடையாது.

மஞ்சள் பார்த்து அளவு சொல்லும்

புது எண்ணெய் என்றால் லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பஜ்ஜி சுட்ட எண்ணெய் அப்படி இல்லை. திரும்பத் திரும்பக் காயும்போது, தண்ணீர் பட்டு, சூலத்தின் சில முனைகள் கழன்று தனி அமிலமாக மிதக்கும். நாம் போடும் காரத்தின் ஒரு பகுதியை அந்த அமிலம் குடித்துவிட்டு சோப்பாக மாறிவிடும். அந்தப் பகுதி எவ்வளவு என்று தெரியாமல் போட்டால், குறைந்தால் வினை பாதியில் நிற்கும், கூடினால் பாத்திரம் நிறைய சோப்பு.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை சமையலறை மேசையிலேயே நடக்கும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சின்னக் குவளையில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் சோதிக்க வேண்டிய எண்ணெய் ஒரு மில்லி, கூடவே நிறம் காட்ட ஒரு பொருள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் போடும் பினாப்தலீன் இருந்தால் அது. இல்லையா, மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்த சாறு போதும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தட்டில் செக்கச் சிவந்து நிற்குமே, அதே வேதியியல்தான் இது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.

இனி, காரக் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குவளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். சொட்டு விழுந்த இடம் சிவந்து, கலக்கியதும் மறுபடி மஞ்சளாகும். இன்னொரு சொட்டு, மறுபடி மஞ்சள். ஒரு கட்டத்தில் கலக்கினாலும் சிவப்பு போகாமல் அரை நிமிடம் நிற்கும். அத்தனை நேரமும் எத்தனை மில்லி விட்டோம் என்று சிரிஞ்சைப் பார்த்தால், அதுதான் லிட்டருக்கு எத்தனை கிராம் காரம் கூடுதலாக வேண்டும் என்பதற்கான எண். 2 மில்லி ஆயிற்று என்றால் 3.5-உடன் 2 சேர்த்து லிட்டருக்கு 5.5 கிராம். 150 லிட்டருக்கு 825 கிராம். ஐந்தாறு மில்லிக்கு மேல் போனால் அந்த எண்ணெயைத் தொடக்கக்காரர் தொடாமல் இருப்பது நல்லது.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் எடை ஏறக்குறைய 1.4 மடங்கு ஆகும், பாக்கெட்டில் தூய்மை குறைவாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். விலையும் கூடுதல்தான். ஆனாலும் பலர் அதையே வாங்குவதற்குக் காரணம் குழாய். காஸ்டிக் சோடாவில் செய்த கிளிசரின் ஆறினால் கட்டிதட்டிப் போய் வடிகாலையே அடைத்துவிடுவது உண்டு. பொட்டாசியத்தில் செய்தது திரவமாகவே இருக்கும்.

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும், தண்ணீரும் சோப்புக்குத்தான் கொண்டுபோய் விடும். நன்றாகக் காய்ந்த வாணலியில் ஒரு கரண்டி விட்டால் படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். 60 டிகிரி வரை சூடாக்கி ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியில் தங்கும் நீரை வடித்துவிடுவார்கள்.

வடிப்பது, கழுவுவது, சோதிப்பது

பம்பை நிறுத்திய பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டியைச் சும்மா விட்டுவிடுவது வழக்கம். காலையில் வடிகாலைத் திறந்தால் முதலில் கரும்பழுப்பாகக் கிளிசரின் இறங்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஹோஸுக்குள் நிறம் சட்டென்று வெளிறி, பொன்மஞ்சளாக மாறும். அந்த நொடியில் வால்வை மூட வேண்டும். ஒளி ஊடுருவும் ஹோஸ் போட்டதே இதற்காகத்தான். வடித்த கிளிசரினில் மிச்ச மெத்தனாலும் காரமும் சோப்பும் இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றுவது, கைகழுவ சோப்பு செய்கிறேன் என்று உடனே கிளம்புவது இரண்டும் வேண்டாம்.

அடுத்து ஒரு எளிய சோதனை. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கினால் முழுக்கக் கரைய வேண்டும். அடியில் எண்ணெய்ச் சொட்டு தங்கினால் இன்னும் மாறாத எண்ணெய் இருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் மெத்தாக்சைடு சேர்த்து மறுபடி ஓட்டுவார்கள்.

தேறிவிட்டால் வேறொரு டிரம்முக்கு மாற்றி, தண்ணீரை மேலிருந்து மென்மையாகப் பூவாளியில் தூவுவது போலத் தெளிப்பார்கள். தண்ணீர் கீழிறங்கும்போது சோப்பையும் மிச்ச மெத்தனாலையும் எடுத்துக்கொண்டு போகும். அவசரப்பட்டு முதல் தண்ணீரிலேயே கலக்கினால் எல்லாம் சேர்ந்து வெண்ணெயாகத் திரண்டு, பிரிய நாட்கணக்கில் காக்க வைக்கும். இரண்டு மூன்று முறை கழுவி, காற்றாடப் போட்டு உலர்த்தினால் கலங்கல் போய்த் தெளிந்துவிடும். பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க முடிய வேண்டும்.

நம் ஊரில்?

கருவி மலிவு என்பதால் எரிபொருளும் மலிவு என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் உணவகங்கள் பழைய எண்ணெயை எடுத்துப் போனால் போதும் என்று இலவசமாகவே கொடுத்தன. இன்று அங்கேயும் அதற்கு விலை. இந்தியாவில் எண்ணெயின் மொத்தப் போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கும்போது பஜ்ஜிக் கடைக்காரர் நமக்கு ஏன் சும்மா தருவார்?

அதைவிடப் பெரிய தடை மெத்தனால். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே இங்கே தனியாளாகக் கொட்டகையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகம், உரிமம் உள்ள சிறுதொழில் என்றால் இந்த அமைப்பு அருமையாகப் பொருந்தும்.

எந்த எண்ணெயில் செய்தோம் என்பதும் முக்கியம். நம் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் பாமாயில். அதிலிருந்து வரும் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மங்கி உறையத் தொடங்கிவிடும். சென்னையில் கவலையில்லை, ஊட்டியில் டிசம்பர் காலையில் வண்டி கிளம்பாது.

எஞ்சினைப் பொறுத்தவரை ஜெனரேட்டர், பழைய பம்ப்செட் போன்ற, இயந்திர முறையில் எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்கள் இதைத் தாங்கும். மிக அதிக அழுத்தத்தில், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் கார்களில் வீட்டில் செய்ததை ஊற்றிப் பார்க்க வேண்டாம், ஒரு இன்ஜெக்டரின் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். பழைய எஞ்சின்களில் இயற்கை ரப்பர் ஹோஸ் இருந்தால் பயோடீசல் அதை ஊறவைத்துப் பிய்த்துவிடும், முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். பயோடீசல் நல்ல கரைப்பானும்கூட. பல வருடமாக டேங்கின் அடியில் படிந்த டீசல் அழுக்கை முதல் சில முறைகளிலேயே கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். எஞ்சின் திணறினால் எரிபொருள் கெட்டுப்போனது என்று பதற வேண்டாம், முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கையில் இரண்டு புது ஃபில்டர் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம்.